ஐந்தாம் பக்கத்துக் கதிரைகள்

2025 ஜனவரி 16, வியாழன்

வாசல் பனி அள்ளினேன். பதினெட்டு நிமிடம். என் மனைவி யோகராணி ஜன்னலுக்குள் நின்று, உங்கட வயசுக்கு உது தேவையே என்று கையாலேயே கேட்டாள்.

பத்தரைக்கு ஒரு தொலைபேசி. பேசியவர் மிதுனன், பக்கத்து நகரமான பிறம்ரனில் இருக்கிறார். பகலில் ஒரு பண்டகசாலையில் சுப்பர்வைசர். மற்ற நேரத்தில் யாரும் தேடாத பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுகிறார். வயது முப்பத்து நான்கு என்று நான் கேட்காமலே சொன்னார்.

"அங்கிள், கிளிங்கர்ஸ் எண்டு ஒரு பான்ட் கேள்விப்பட்டிருக்கிறீங்களா?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அது பொய்யல்ல.

1968 முதல் 1970 வரை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த மூன்று இளைஞர்கள். கிளிங்கர் என்பது சூளையிலிருந்து உருண்டை உருண்டையாக வெளியே வருவது. அதை அரைத்தால்தான் சீமெந்து. கிளிபோட் கிற்றாரும் குரலும். சூசைதாசன் பேஸ் கிற்றார். சச்சிதானந்தன் ஒரேயொரு டிரம்மும், தொழிற்சாலைக் கழிவில் எடுத்த ஓர் இரும்புத் தகடும். அவர்கள் பாட்டில் இராகம் கிடையாது. ஒரே கோர்ட்டை, அதாவது கிற்றாரில் ஒரே சுரக்கூட்டை, திரும்பத் திரும்ப அடிப்பார்கள், கிளிபோட் அதன்மேல் ஷிஃப்ற் நேரங்களைக் கத்துவார். காலமை ஆறு, பின்னேரம் ரெண்டு, இரவு பத்து. 1969இல் ஒரு சிறிய இசைத்தட்டு வந்தது. அவ்வளவுதான்.

"இது பங்க் மியூசிக், அங்கிள். லண்டன்ல அதுக்குப் பேர் வைக்கிறதுக்கு ஏழு வருசம் முதல். சீரியஸா."

1976இலிருந்து 1969ஐக் கழித்துப் பார்த்தேன். சரி.

உறையில் போட ஒரு கட்டுரை வேண்டுமாம், தகவல்களும் சரிபார்க்கவேண்டுமாம். ஏன் என்னிடம்? "எல்லாரும் உங்களைத் திருத்தம் அங்கிள் எண்டுதானே சொல்லுறவை." ஓம், சொல்லுகிறார்கள். எங்கள் வாரப்பத்திரிகையை இருபத்தாறு வருடம் நடத்தினேன். ஒவ்வொரு வாரமும் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் என்று ஒரு பெட்டி இருக்கும். அமரர் ஒருவரின் பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் மாற்றிப்போட்டுவிட்டால், அடுத்த வெள்ளி அந்தப் பெட்டியில் இரண்டு ஊரும் உரிய இடத்தில் வந்துவிடும். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கவில்லை.

புதிய வெளியீட்டின் தலைப்பைக் கடைசியில்தான் சொன்னார். "கதிரை வீச்சு." முன்அட்டையில் ஒரு பழைய பத்திரிகைத் துணுக்காம். அனுப்பச் சொன்னேன்.

வருமுன்னரே தெரிந்துவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

வந்தது. 1970 பெப்ரவரி 16, ஐந்தாம் பக்கம்.

"யாழ். களியாட்ட விழாவில் கதிரை வீச்சு. சனிக்கிழமை மாலை இங்கு நடைபெற்ற களியாட்ட விழாவில் 'கிளிங்கர்ஸ்' எனும் மேனாட்டு வாத்தியக் குழுவினரின் இரைச்சலைச் சகிக்கமாட்டாத இரசிகர்கள் கதிரைகளை வீசி எதிர்ப்புத் தெரிவித்தனர். நிகழ்ச்சி இடைநடுவில் கைவிடப்பட்டது. — நமது நிருபர்."

நமது நிருபர் நான். வயது பதினெட்டு. நான் அங்கே போகவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துச் செய்தி கொழும்புக்கு மெயில் வண்டியில்தான் போகும். மாலை வண்டியைத் தவறவிட்டால் செய்தி ஒரு நாள் பழசு. அதனால் மாலைக் கூட்டங்களின் செய்தியை மத்தியானமே எழுதிவிடுவது வழக்கம். அழைப்பிதழ் கையில் இருக்கும். தலைவர், வரவேற்புரை, மாலை அணிவிப்பு, நன்றியுரை, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நான் உதவியாளனாக இருந்த நிருபர் இராஜரட்ணம் மாஸ்ரர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பார், பிறகு செய்தி அனுப்புவார். "நடக்கப்போறதைத்தானே எழுதுறம். இறந்தகாலத்தில எழுதினால் சரி" என்பார்.

அப்படி இருபது கூட்டங்களாவது எழுதியிருப்பேன். ஒரேயொரு முறை, செய்தியில் நான் சிறப்புரையாற்ற வைத்த கல்வி அதிகாரி அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். அவர்கூடக் கோபிக்கவில்லை. பேச்சு நன்றாக இருந்ததாக அவருக்கே சிலர் சொன்னார்களாம்.

களியாட்ட விழாவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, சைக்கிளில் மைதானத்தால் போனேன். ஒத்திகை நடந்தது. ஒரே கோர்ட். தகட்டில் இரும்புக் கம்பியால் அடி. இறங்கி நின்று நான்கு நிமிடம் கேட்டிருப்பேன். ஒலிபெருக்கிக்காரர் ஒரு கதிரையைக் காலால் உதைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஒரு கதிரை. உதைத்தார், வீசவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரருக்கே பொறுக்கவில்லை என்றால் சனம் என்ன செய்யும்? ஒரு கதிரையைப் பல கதிரைகளாக்கினேன். உதைத்ததை வீசியதாக்கினேன். உறையை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். நிகழ்ச்சி தொடங்கிய ஏழு மணிக்குச் சாவகச்சேரியில் மாமி வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லா வந்திருக்கு" என்றார் மாஸ்ரர். மறுப்புக் கடிதம் ஒன்றும் வரவில்லை. மறுப்பு வராத செய்தி உண்மை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையிலேயே அன்று கதிரை வீசினார்களா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜனவரி 22, புதன்

வெக்ஸ்போர்ட். அடுக்குமாடி வீட்டில் ஒன்பதாம் மாடி. மூவரில் உயிரோடு இருப்பவர் சூசைதாசன் அண்ணை மட்டும்தான். வயது எழுபத்தொன்பது. இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. தகட்டுச் சத்தத்தை விட்டு எங்கேயும் போகமுடியவில்லை என்று சிரித்தார். மகள் கரோலின் டிடிசியில், நகரப் போக்குவரத்தில், பஸ் ஓட்டுகிறார். இன்று அவருக்கு லீவு. அப்பா ஒரு காலத்தில் பேஸ் கிற்றார் அடித்தவர் என்பது போன வருடம் மிதுனன் வந்து கதவைத் தட்டும்வரை அவருக்குத் தெரியாதாம்.

என் தொழிலை ஒழுங்காகச் செய்தேன். குறிப்பேடு, பேனா, திகதி.

"அண்டைக்குச் சனம் எப்பிடி இருந்தது அண்ணை?"

"இருந்தது."

"எண்டால்?"

"இருந்தது தம்பி, கதிரையில. ஒருத்தரும் எழும்பேல்லை. எங்களுக்குப் பிறகு சீட்டிழுப்பு. முதல் பரிசு தையல் மெசின். ஆர் எழும்புவான்?"

கரோலின் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப சனம் வெயிட் பண்ணினது மெசினுக்கு. உங்களுக்கில்லை."

"அதைத்தானடி நானும் ஐம்பத்தஞ்சு வருசமா யோசிக்கிறன். கடைசியில எல்லாரும் காலால நிலத்தில மிதிச்சவை. முழுச்சனமும். பிடிச்சு மிதிச்சினமோ, கெதியா முடியுங்கோடா எண்டு மிதிச்சினமோ, ஆருக்குத் தெரியும்?"

கதிரை வீசவில்லை. நிகழ்ச்சி நிறுத்தப்படவும் இல்லை. பதினோரு நிமிடப் பாட்டை முழுதாக வாசித்து முடித்திருக்கிறார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவராகவே பேப்பர் கதைக்கு வந்தார். கிளிபோட்டின் தகப்பன் தலைமையாசிரியர். செய்தியைப் படித்துவிட்டு, ஊர்ச்சனம் கதிரை எறியிற அளவுக்கு என்னத்தையடா செய்தனி என்று கேட்டு, கிற்றாரைக் கிணற்றடியில் வைத்து உடைத்தார். மன்னாரிலிருந்து அழைத்திருந்தவர்கள் நிகழ்ச்சி வேண்டாம் என்றுவிட்டார்கள். கிளிபோட் இரண்டு மாதத்தில் கொழும்புக்குப் போய்க் கப்பலேறினார். பிறகு மொன்றியல். சாகும்வரை ஒரு கிற்றாரையும் தொடவில்லை.

"நீங்கள் அந்த நிருபரைத் தேடேல்லையா?"

"ஏன் தேட? அவனைப் பிழை சொல்லேலாது. வேற எங்கயோ கதிரை எறிஞ்சதைப் பாத்திருப்பான், எங்கட பேரை மாறிப் போட்டிட்டான். மனிசருக்கு மாறுறதுதானே."

வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஜனவரி 30, வியாழன்

கிளிபோட்டின் மனைவி அன்ரனெற், மொன்றியலில் இருக்கிறவர், மிதுனனிடம் கொடுத்த பெட்டிக்குள் அந்தத் துணுக்கோடு இரண்டு ஒலிநாடாக்களும் இருந்தன. ஒன்றில் "கார்னிவல், 14/2" என்று எழுதியிருக்கிறது. மிதுனன் அதைச் சுத்தப்படுத்தி எனக்கு அனுப்பிவிட்டு அழைத்தார்.

"அங்கிள், ஃபுல்லாக் கேட்டுட்டன். கதிரை எந்த நிமிசத்தில?"

இருபத்தாறு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி இது. எந்தத் திகதி? எத்தனை மணி? யார் பார்த்தது?

"நாடா இடையில நிண்டிருக்கும்" என்றேன்.

"ஆ, ஓகே. மேக்ஸ் சென்ஸ்."

நாடா இடையில் நிற்கவில்லை. நானும் கேட்டுவிட்டேன். கடைசியில் சீட்டிழுப்பு அறிவிப்பே கேட்கிறது. முதலாவது பொய்யையாவது பதினெட்டு வயதில் சொன்னேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

யோகராணியிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஊர்ச்சனத்தின்ர பிழையெல்லாம் பெட்டி கட்டிப் போட்டீங்கள். என்ர அண்ணற்ற கலியாணத்தில சாப்பாடு முந்நூறு பேருக்கெண்டு எழுதி, அடுத்த கிழமை இருநூற்றி எண்பது எண்டு திருத்தினனீங்கள். அண்ணி இண்டைக்கும் உங்களோட கதைக்கிறேல்லை."

"இருநூற்றி எண்பதுதானே."

"அப்ப உதுக்கும் போடுங்கோவன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொன்னாள்.

பெப்ரவரி 5, புதன்

ஒலிநாடாவைப் பதினோரு தடவை கேட்டேன். கடிகாரம் பக்கத்தில்.

முதல் நான்கு நிமிடம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பல்லுக் கூசுகிறது. ஐந்தாவதில் தகடு தாளத்தைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது, கிளிபோட்டின் குரல் அதைப் பிடிக்க ஓடுகிறது. ஆறில் பிடித்துவிடுகிறது. ஏழாம் நிமிடம் ஒன்பதாவது நொடியில் முதலாவது கால். பிறகு பத்து, பிறகு எண்ணமுடியாது.

கவனித்ததை எழுதுகிறேன்: அந்தக் கால்கள் எல்லாம் தகட்டோடு சேர்ந்தே விழுகின்றன. தகடு தாமதித்தால் அவையும் தாமதிக்கின்றன. இரண்டு இடத்தில் சச்சிதானந்தன் வேண்டுமென்றே ஒரு அடியை விடுகிறார். அந்த இரண்டு இடத்திலும் சனமும் காலை விடுகிறது. தையல் மெசினுக்கு அவசரப்படுகிறவன் தாளத்துக்கு மிதிக்கமாட்டான்.

இது சூசைதாசன் அண்ணைக்குச் சேரவேண்டிய தகவல். இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் மற்றதையும் கொடுக்கவேண்டும். இதை மட்டும் கொடுத்துவிட்டு வரலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். எனக்கென்ன விசர் பிடித்துவிட்டதே?

பெப்ரவரி 14, வெள்ளி

ஐம்பத்தைந்து வருடம், ஒரு நாள்கூடத் தப்பாமல். நான் தெரிந்தெடுத்த நாள் அல்ல. பனி காரணமாக இரண்டு தடவை தள்ளிப்போய் இன்று வந்தது.

லோறன்ஸ் வீதியில் அவர் வழக்கமாகப் போகும் கோப்பிக் கடை. முதலில் கால்களைப் பற்றிச் சொன்னேன். காதில் மாட்டிக் கேட்கவும் வைத்தேன். ஏழாம் நிமிடம். விட்ட இரண்டு அடிகள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "சச்சி" என்றார்.

பிறகு சொன்னேன். சுற்றிவளைக்காமல், செய்தியின் முதல் வரி மாதிரி. அந்த நிருபர் நான். நான் அன்று வரவில்லை. மத்தியானமே எழுதி அனுப்பிவிட்டேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபத்துக்குத் தயாராகத்தான் போனேன்.

"நீர் வரேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"கேக்கவே இல்லையோ?"

"முதல் நாள் ஒத்திகையில நாலு நிமிசம்."

கோப்பையை நகர்த்தினார், திரும்பப் பழைய இடத்தில் வைத்தார்.

"ஐம்பத்தஞ்சு வருசமா அந்தச் சனத்தின்ர முகங்களை ஒவ்வொண்டா நினைச்சுப் பாப்பன். ஆர் அதை எழுதின ஆள்? மூண்டாம் வரிசையில ஒரு கண்ணாடிக்காரன் இருந்தான். அவனாத்தான் இருக்கும் எண்டு முடிவெடுத்து வச்சிருந்தன். பேரை மாறிப் போட்டிட்டான் எண்டு உமக்குச் சொன்னது வாயால சும்மா சொன்னது. மனசுக்குள்ள, ஒருத்தன் முழுக்கக் கேட்டிட்டு வெறுத்தான் எண்டுதான் நினைச்சனான். அது பரவாயில்லை. கேட்டவனுக்கு வெறுக்க உரிமை இருக்கு. நீர் கேக்கவே இல்லையே ஐசே."

தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஜன்னலால் பார்த்தேன், பஸ் தரிப்பில் நின்றார். என்னுடைய கார் வெளியில்தான் நின்றது. கேட்கத் துணியவில்லை.

பெப்ரவரி 15, சனி

கண்ணாடிக்காரன் பாவம். அவனுக்கும் ஒரு திருத்தம் போடவேண்டும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

மிதுனனிடம் சொன்னேன். பின்னால் பண்டகசாலையில் ஏதோ வண்டி பின்வாங்கும் பீப் சத்தம்.

"அங்கிள், அந்தக் கதிரைதான் முழு ஸ்டோறி. உலகம் முழுக்க அதைப் பாத்துத்தான் ஆக்கள் மெசேஜ் பண்ணுறாங்கள். முதலாவது பங்க் கலவரம் எண்டு. கவர் டிசைன் முடிஞ்சுது."

"கலவரம் நடக்கேல்லை."

"ஆருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும்தானே. நீங்க சொல்லாட்டி—"

"சூசைதாசன் அண்ணைக்குத் தெரியும். அவர் மேடையில நிண்டவர்."

"அவர் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீர் கேட்டனீரா?"

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நல்ல பையன். கேட்காமல் எழுதுவது எவ்வளவு இலகுவாக வரும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் உறுதியாகச் சொன்னேன்: அந்தத் துணுக்கை அட்டையில் போட்டால், அதன் கீழே அது பொய் என்று என் பெயரோடு போடவேண்டும். இல்லையென்றால் எங்கள் பத்திரிகையில் நானே போடுவேன். எப்படியும் போடுவேன். யோசிக்க நேரம் கேட்டார். கொடுத்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அன்ரனெற்றை மொன்றியலில் தொலைபேசியில் பிடித்தேன். அதே முதல் வரி.

"அந்தத் துண்டு அவற்ற பாஸ்போட் உறைக்குள்ள இருந்தது. ஏன் வச்சிருந்தவர் தெரியுமே? நானும் கேட்டனான். எரிச்சுப்போடுங்கோவன் எண்டன். 'எங்களைப்பற்றி ஆரும் எழுதினது உது ஒண்டுதானப்பா' எண்டார்."

மன்னிப்புக் கேட்டேன். "நான் என்னத்தை மன்னிக்க? மனிசன் போயிட்டுது. நீங்கள் சரியா இன்னொண்டு எழுதுங்கோ. அதையும் உறைக்குள்ள வைக்கிறன்" என்றார்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். கரோலின் வந்தார், நெற்றியில் சாம்பல் சிலுவையோடும் டிடிசி ஜக்கெட்டோடும். உள்ளே வரச்சொன்னேன், ஷிஃப்றுக்கு நேரமாகிறது என்று வாசலிலேயே நின்றார்.

"அப்பா ரெண்டு விசயம் சொல்லச் சொன்னவர் அங்கிள். ஒண்டு, திருத்தத்தை இப்பவே போடட்டாம். கதை சொல்லாமல், நியூஸ் மாதிரி. ரெண்டு, நாங்க மே மாசம் சேர்ச் மண்டபத்தில அந்தப் பாட்டை வாசிக்கப்போறம். அப்பா பேஸ். மிதுனன் கிற்றார். நான் தகடு."

"நீங்களோ?"

"ஏன், ஏலாதே? ஃபிஃப்ரி ஃபோர் நம்பர் பஸ் ஓட்டுறன் அங்கிள். அடிக்கிறதுக்கு எனக்கு நிறைய ஆக்கள் மனசில இருக்கினம்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "நீங்க வரவேணுமாம். கடைசிவரை இருக்கவேணுமாம். பிறகு எழுதட்டாம். கூடாதெண்டால் கூடாதெண்டு எழுதட்டாம். ஆனா பிறகு."

ஓம் என்று சொல்லிவிடச் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் பக்கம், பெட்டிக்குள்:

"திருத்தம். 1970 பெப்ரவரி 16 அன்று கொழும்பிலிருந்து வெளிவந்த நாளிதழ் ஒன்றில், யாழ். களியாட்ட விழாவில் கிளிங்கர்ஸ் குழுவினர்மீது கதிரைகள் வீசப்பட்டதாகவும் நிகழ்ச்சி கைவிடப்பட்டதாகவும் வந்த செய்தி பொய்யானது. கதிரைகள் வீசப்படவில்லை. நிகழ்ச்சி முழுமையாக நடந்தது. ஏழாம் நிமிடத்திலிருந்து இரசிகர்கள் தாளத்தோடு காலால் மிதித்தனர், ஒலிப்பதிவு உள்ளது. செய்தியை எழுதிய நான் நிகழ்ச்சிக்குச் செல்லவில்லை. இதனால் கிளிபோட், சச்சிதானந்தன், சூசைதாசன் ஆகியோருக்கு ஏற்பட்ட இழப்புக்கு மன்னிப்புக் கோருகிறேன். — வே. ஜெயரட்ணம்."

இப்போதைய ஆசிரியர், இது எங்கள் பத்திரிகையின் பிழையே அல்லவே, வேறு நாட்டில் வேறு பத்திரிகை என்று சற்று இழுத்தார். நிருபர் அதே ஆள்தான் என்றேன்.

மத்தியானத்துக்குள் ஒன்பது அழைப்புகள். இருவர் திட்டினார்கள். ஒருவர், 1998இல் தன் தகப்பனின் மரணச் செய்தியையும் போகாமலே எழுதினீர்களா என்று கேட்டார். இல்லை, நான் அங்கே இருந்தேன், நீங்கள் நீலச் சட்டை என்றேன். எட்டாவது அழைப்பு யோகராணியின் அண்ணி. முதல் தடவையாகச் சிரித்துப் பேசினார்.

ஏப்ரல் 3, வியாழன்

மிதுனன் புதிய அட்டையை அனுப்பியிருக்கிறார். மூவரும் தகட்டைத் தூக்கிப்பிடித்தபடி நிற்கும் படம். தலைப்பு: "ஆறு, ரெண்டு, பத்து." பின்பக்கத்தில் துணுக்கும் திருத்தமும் அருகருகே, ஒரே அளவில். "இதுதான் அங்கிள் அதைவிடப் பங்க்" என்று எழுதியிருந்தார். அது உண்மையா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. சூசைதாசன் அண்ணைக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தேன். கரோலின் எடுத்தார். அப்பா பிராக்டிஸ் பண்ணுகிறாராம். பின்னால் கேட்டது: ஒரே கோர்ட்.

மே 24, சனி. மாலை 6.40

இது நிகழ்ச்சி முடிந்து, வீட்டுக்கு வந்து, கைகழுவிய பின் எழுதப்படுகிறது.

வெக்ஸ்போர்ட், தேவாலயத்தின் கீழ்மண்டபம். மடக்குக் கதிரைகள் நூற்றிருபது. இரண்டே முக்காலுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தேவாலயப் பங்குச் சனம், மீதி மிதுனனின் ஆட்கள், கறுப்புச் சட்டை. அன்ரனெற் மொன்றியலிலிருந்து ரயிலில் வந்து முன்வரிசையில் இருந்தார். மண்டபத்துச் செலவுக்காகச் சீட்டிழுப்பும் உண்டு. முதல் பரிசு ஒரு எயர் ஃப்ரையர்.

கரோலின் ஒலிவாங்கியைப் பிடித்து, "முதல் சீட்டிழுப்பு, பிறகுதான் பாட்டு" என்றார். சூசைதாசன் அண்ணை போட்ட நிபந்தனையாம். எயர் ஃப்ரையர் பிக்கரிங்கிலிருந்து வந்த ஒரு அன்ரிக்கு விழுந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு உடனே போய்விட்டார். அவரோடு இன்னும் பலர். கதவு ஓய்ந்ததும் எண்ணினேன். எழுபத்தொன்று. மேடையில் அண்ணையும் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மூன்று பதினாறுக்குத் தொடங்கினார்கள். மிதுனன் ஷிஃப்ற் நேரங்களைக் கத்தினார். பண்டகசாலை நேரங்களையும் இடையில் சேர்த்தார். முதல் நான்கு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் கரோலின் தாளத்தைத் தவறவிட்டார். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை, பேஸில் அதே கோர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரோலின் வந்து சேர்ந்துகொண்டார். ஏழாம் நிமிடத்தில் ஒருவரும் மிதிக்கவில்லை. எட்டு முப்பதில் அன்ரனெற் மிதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு. ஒன்பதில் மண்டபம் முழுக்க. எனக்கு வலது முழங்காலில் வாதம். ஆகவே இடது காலால்.

பதினோரு நிமிடம் இருபது நொடி. முடிந்தபோது அறுபத்தொன்பது பேர் இருந்தார்கள். எழுந்து போன இருவரில் ஒருவர் கழிப்பறைக்குப் போனவர், முடிந்த பிறகு திரும்பி வந்தார்.

சூசைதாசன் அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். பெப்ரவரிக்குப் பிறகு நேரில் இன்றுதான்.

"எப்பிடி?"

"முதல் நாலு நிமிசம் சரியில்லை அண்ணை."

"எழுதும்" என்றார். "சரியா அதை அப்பிடியே எழுதும்." தோளில் ஒரு தட்டு. வலித்தது.

ஐந்தரைக்கு மண்டபத்தை விடவேண்டும். ஆட்கள் வெளியே நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கதிரைகளை மடித்துச் சுவரோடு அடுக்கத் தொடங்கினேன். பாதியில் மிதுனன் வந்து, விடுங்க அங்கிள் என்றார். விடவில்லை.

நூற்றிருபது. ஒன்றும் உடையவில்லை. கடைசிக் கதிரையை மடித்து வைத்தது நான்.